பம்பாய் நாலரை மணி நேரம்

இந்த வாரம் யார் மேலாவது எரிந்து விழ வேண்டும் போலிருக்கிறது. நான்கு நாட்களாக ஆள் தேடுகிறேன். ரயில்வேக்காரன், தந்தி ஆபீஸ்காரன், விமானக் கம்பெனிக்காரன்... ஒருவன் மேலும் பழி ஒட்டவில்லை. கடைசியில் நான்தான் மிச்சம்.

ராயபுரத்தில் எங்கள் தெருவுக்கு மீன் கொண்டுவரும் குப்பம்மாள் திங்கட்கிழமை காலையில் இறந்துபோனாள். ஒரே மகன் ஏழுமலை, பம்பாய்த் துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறான். தந்தி அடித்தார்கள். மறுநாள் காலையில் பதில் வந்தது. இங்கிலீஷ் என்பதால் குப்பத்துத் தலைவரான நாட்டார் அதை என்னிடம் எடுத்துவந்தார். 'புறப்பட்டேன், காத்திருக்கவும்' — அவ்வளவுதான்.

காத்திருப்பது லேசான காரியமா? குப்பத்தில் பிணம் கிடந்தால் ஒரு கட்டுமரமும் கடலில் இறங்காது. ஏற்கெனவே ஒரு நாள் போயிற்று. சித்திரை வெயில் வேறு.

"பம்பாய்லேர்ந்து வர்றதுக்கு எம்மா நேரம் ஆவும் சார்? இன்னிக்கும் மரம் எறங்கலேன்னா புள்ளைங்க பட்டினி" என்றார் நாட்டார்.

எனக்கா தெரியாது? பம்பாய் மெயில் எப்போது கிளம்பும், குண்டக்கல்லில் எவ்வளவு நேரம் நிற்கும் என்று விரல் விட்டு எண்ணினேன். நாளை சாயங்காலத்துக்கு முன்னால் வரமாட்டான் என்று தீர்ப்புச் சொன்னேன். நாட்டார் தலையாட்டிவிட்டுப் போனார். பன்னிரண்டு மணிக்கு மூலக்கொத்தளம் இடுகாட்டில் அவளைப் புதைத்துவிட்டார்கள்.

மூன்று மணிக்குக் குப்பத்தில் டாக்சி வந்து நின்றது. ஏழுமலை! கூட வேலை செய்யும் தோஸ்துகள் எல்லாரும் சேர்ந்து பணம் போட்டு அவனைக் காலை விமானத்தில் ஏற்றி அனுப்பியிருக்கிறார்கள். அறுநூற்றுச் சொச்சம் மைல், நாலரை மணி நேரம்.

அந்த நாலரை மணி எனக்குத் தெரியாததா? இரண்டு வாரம் முன்பு இந்தப் பத்திரிகையில் இதே பக்கத்தில் நான் பம்பாய்க்குப் பறந்துபோன பிரதாபத்தை அளந்தேனே — காபி கொடுத்தார்கள், மேகம் காலுக்குக் கீழே போயிற்று என்று! ஆனால் மீன்காரி மகன் என்றதும் என் மண்டையில் ரயில் மட்டும்தான் ஓடியது. வெட்கமாக இருக்கிறது.

நடந்ததைக் கேட்டுக்கொண்டு அவன் நேரே என் வீட்டுக்கு வந்தான். அடிக்கத்தான் வருகிறான் என்று நினைத்தேன். அடித்திருந்தால் தேவலை.

"மூஞ்சிய ஒரு தபா பாக்கத்தான் சார் வந்தேன். நீ போனா ஏரோப்ளேன்ல போவே. நான் வந்தா ரயில்லதான் வருவேன்னு உனக்கு யாரு சொன்னது?"

அவன் திரும்பி மூலக்கொத்தளம் பக்கமாக நடந்தான்.

என் விமானக் கட்டுரையைக் கத்தரித்து வைத்திருப்பதாக எழுதிய அன்பர்களே... கிழித்துப் போட்டுவிடுங்கள்.