சின்னம்மா தூரத்து உறவா?

நீதிமன்றத்தில் மொழிபெயர்ப்பாளராகச் சேர்ந்த முதல் நாள். நாற்காலியில் உட்காருவதற்கு முன்பே தலைமை எழுதுவினைஞர் என்னைக் கூப்பிட்டு எச்சரித்தார். "மிஸ், அவங்க சொன்னத மட்டும் சொல்லுங்க. ஒரு சொல் கூடவும் வேணாம், கொறையவும் வேணாம்." ஓப்பநாயக்கப் பக்கத் தேயிலைத் தோட்டத்து லயத்தில், தொழிலாளர்களின் தகரக் கூரை வரிசை வீடுகளில், மழைச் சத்தத்துக்கு மேல் கத்திப் பேசியே வளர்ந்தவள் நான். என்னைப் போன்ற வாயாடிக்கு இது வேலையா தண்டனையா என்று அன்றைக்கு விளங்கவில்லை. ஆனாலும் ஓய்வு பெறும்வரை அந்த விதியை நான் மீறவில்லை.

1. கரும்பலகையில் என் குடும்பம்

பதவி உயர்வுக்கு உதவும் என்று யாரோ சொன்னதால் இரத்தினபுரியில் ஒரு வார இறுதி வகுப்பில் சேர்ந்தேன். மானிடவியல், உளவியல், சமூகவியல் மூன்றுக்கும் அங்கே அறிமுகப் பாடம் நடந்தது. விரிவுரையாளர் யாழ்ப்பாணத்துக்காரர். ஆணுக்கு முக்கோணம், பெண்ணுக்கு வட்டம் என்று வரைந்து காட்டிவிட்டு, சோக்கட்டியை என் கையில் திணித்தார். அம்மா இருக்க வேண்டிய இடத்தில் நான் மூன்று வட்டம் போட்டேன்.

"இதில உம்மட அம்மா எவ?"

"மூணு பேரும்தான் சேர். இது பெரியம்மா, இது பெத்த அம்மா, இது சின்னம்மா."

"பெரியம்மா எண்டால், அம்மாவின்ர கூடப்பிறந்த தமக்கையோ?"

"இல்ல சேர், எங்க அம்மாயி, அம்மாவோட அம்மா, அவங்களோட அக்கா மக."

வகுப்பு சிரித்தது. எனக்குக் காது சூடாகிவிட்டது. சேர் சிரிக்கவில்லை.

"சிரியாதேங்கோ. அவ சரியாத்தான் கீறியிருக்கிறா."

பிறகு அவர் விளக்கினார். சில சமூகங்கள் உறவை இரத்தத்தின் தூரத்தால் மட்டும் அளப்பதில்லை, வகை வகையாகப் பிரித்து வைக்கின்றன. அம்மாவுக்கு அக்கா தங்கை முறையாகிற எல்லோரும் நமக்கு அம்மா வகை. அதனால்தான் மாமன் மகனைக் கட்டலாம், சின்னம்மா மகனைக் கட்ட முடியாது, அவன் அண்ணன். இதற்கு வகைப்பாட்டு உறவுமுறை என்று பெயர். எங்கள் லயத்துப் பழக்கத்துக்கு ஒரு பாடப் பெயர் இருக்கிறது என்று தெரிந்த அன்று பஸ்ஸில் இடம் கிடைக்காமல் நின்றுகொண்டே வீட்டுக்குப் போனேன். கால் வலித்ததாக நினைவில்லை.

2. நீதவானின் அறை

சில வருடங்கள் கழித்து, கித்துல்கல பக்கத்து ரப்பர் தோட்டத்திலிருந்து ஒரு வழக்கு வந்தது. தர்ஷினிக்கு எட்டு வயது. தாய் நோயில் இறந்துவிட்டாள், தகப்பன் எங்கே என்று தெரியாது. பிள்ளையைத் தூரத்துச் சிறுவர் இல்லமொன்றில் தற்காலிகமாக வைத்திருந்தார்கள். அதே தோட்டத்தில் ரப்பர் பால் வெட்டும் வேலை செய்கிற செல்வி, "புள்ளய என்கிட்ட குடுங்க" என்று கேட்டு வந்திருந்தாள். நெருங்கிய உறவு இல்லையென்றால், வளர்ந்து ஆளாகும்வரை தர்ஷினிக்கு இல்லம்தான்.

பிள்ளையைப் பற்றி விசாரித்து நீதிமன்றத்துக்கு அறிக்கை தரும் நன்னடத்தை உத்தியோகத்தர் ஒரு சிங்களப் பெண்மணி. அட்டைக்கடி வாங்கிக்கொண்டு தோட்டம்வரை ஏறிப் போய் விசாரித்தவர். உறவு என்று சொல்லிக் கூட்டிப் போய்ப் பிள்ளைகளை வீட்டு வேலைக்கு விடுகிறவர்களை அவர் பார்த்திருக்கிறார், அந்தப் பயம் நியாயமானது. "இறந்தவங்க ஒங்க கூடப்பொறந்தவங்களா?" என்று கேட்டதற்குச் செல்வி "இல்லைங்க" என்றாள். அறிக்கையில் 'தூரத்து உறவு' என்று ஏறிவிட்டது.

அறைக்குள் வந்ததும் தர்ஷினி நேரே செல்வியிடம் போய், சேலைத் தலைப்பைக் கையில் சுற்றிக்கொண்டாள். பிள்ளை பயத்தில் யாரிடம் ஓடுகிறது என்று பாருங்கள், பிணைப்பு அங்கேதான் இருக்கிறது என்று உளவியல் வகுப்பில் படித்திருந்தேன். சொல்ல வாய் துறுதுறுத்தது. ஆனால் நான் மொழிபெயர்ப்பாளர். ஒரே ஆளை இரண்டு கடமைகள் இரண்டு பக்கம் இழுப்பதற்குச் சமூகவியலில் வகிபாக முரண்பாடு என்று பெயர். பெயர் தெரிந்ததால் மட்டும் இழுபடுவது நிற்கவில்லை.

"மே கவுத ஓயாட?" என்று நீதவான் பிள்ளையிடம் சிங்களத்தில் கேட்டார்.

"இவங்க ஒனக்கு யாரு?" என்றேன்.

"அம்மா."

"அம்மா எறந்துட்டாங்கதானே?" நீதவான் அடுத்துக் கேட்டதையும் அப்படியே தமிழாக்கினேன்.

"அது பெத்த அம்மா. இவங்க சின்னம்மா."

நான் சிங்களத்தில் "புஞ்சி அம்மா" என்றேன். சின்னம்மாவுக்குச் சிங்களத்தில் அதுதான் சொல்.

நீதவான் பேனாவைக் கீழே வைத்தார். அதன்பின் அறையில் நடந்தது சிங்களத்தில்.

"புஞ்சி அம்மாவா? அப்ப ஏன் தூரத்து உறவுன்னு எழுதியிருக்கீங்க?"

"சேர், கூடப்பொறந்தவங்க இல்ல. இவங்க வந்து, புள்ளையோட அம்மாவோட புஞ்சி அம்மா மக..."

உத்தியோகத்தர் பாதியில் நிறுத்திவிட்டார். பிறகு தானே சிரித்தார். "எனக்கும் ரம்புக்கனையில இப்படி ஒரு புஞ்சி அம்மா இருக்காங்க சேர். அவங்க வீட்டுல சாப்பிட்டுத்தான் ஏ.எல். பரீட்சைக்குப் படிச்சேன். அவங்களத் தூரத்து உறவுன்னு யாராவது சொன்னா அடிக்கப் போயிருவேன்."

நீதவான் என் பக்கம் திரும்பினார். "மிஸ், உங்க ஆட்கள் மத்தியில எப்படி?"

அந்த அறையில் என் சொந்தப் பேச்சை யாரும் கேட்டது அதுவே முதல் தடவை. ஒரு தாள் வாங்கி, கரும்பலகையில் போட்ட அதே வட்டங்களைப் போட்டேன். வட்டங்கள் கோணலாகத்தான் வந்தன. அவருக்கு விளங்கியது. பிள்ளை செல்வியோடு போகலாம், உத்தியோகத்தர் மாதாமாதம் போய்ப் பார்த்துவர வேண்டும் என்று உத்தரவு வந்தது.

வெளியே தாழ்வாரத்தில் செல்வி என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். தர்ஷினி என்னை அண்ணாந்து பார்த்து, "இவங்க யாரு?" என்று அவளிடம் கேட்டாள்.

செல்வி மூக்கை உறிஞ்சிக்கொண்டே என்னை மேலும் கீழும் பார்த்தாள். "எனக்கு மூத்தவங்களாட்டம் இருக்காங்க. ஒனக்குப் பெரியம்மா."

3. லீவு

யார் யாருக்கு நெருக்கம் என்று கேட்கும் முன், அவர்கள் எதைக்கொண்டு நெருக்கத்தை அளக்கிறார்கள் என்று கேளுங்கள். இளையவர்களுக்கு நான் சொல்ல இருப்பது அவ்வளவுதான். அதைச் சொல்லித்தந்த சேருக்கும், தன் எழுத்தைத் தானே திருத்திக்கொண்ட அந்த உத்தியோகத்தருக்கும், என்னைக் கேட்ட நீதவானுக்கும் நான் நன்றிக்கடன் பட்டவள்.

நான் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. தர்ஷினி பெரிய மனுஷியானபோது செல்வி தொலைபேசியில் அதட்டினாள்: "பெரியம்மா வராம எப்படிக்கா தண்ணி ஊத்துறது?"

சடங்கு வீட்டுக்குப் போக லீவு கேட்டுப் போனேன். அதே தலைமை எழுதுவினைஞர், அவர் ஓய்வுபெறச் சில மாதங்களே இருந்தன, கண்ணாடிக்கு மேலால் பார்த்தார்.

"சடங்கு வீடா? யாருக்கு மிஸ்?"

"என் மகளுக்குங்க" என்றேன். ஒரு சொல் கூடவும் இல்லை, குறையவும் இல்லை.