எனாமலில் எழுதிய பாலம்

இந்த நினைவு மலரைக் கையில் வைத்திருக்கும் சொந்தங்களுக்கும், எங்கள் தெருக்காரர்களுக்கும், தென்காசியில் அக்காவின் கடைக்கு வந்துபோன அத்தனை பேருக்கும் வணக்கம். அக்கா எங்களை விட்டுப் போய் ஓராண்டு நிறைகிறது. போனவர்களின் பெருமையை எழுதத்தான் இப்படி ஒரு மலர் போடுகிறோம். ஆனால் என் அக்காவின் பெருமையை உள்ளபடி எழுதினால் பாதி இடத்தில் என் குட்டுதான் வெளிப்படும். பரவாயில்லை என்றுதான் எழுத உட்கார்ந்திருக்கிறேன். வார்டு உறுப்பினராக இருப்பவனுக்கு அவ்வளவு வெட்கம் மிச்சம் இருக்காது என்று அக்காவே சொல்லியிருக்கிறார்.

அக்கா பிறந்தது இலத்தூரில், அம்மாவின் பிறந்த வீட்டில். வளர்ந்தது குற்றாலம் போகும் சாலையில் இருக்கும் எங்கள் ஊரில். நான் அவருக்கு ஏழு வயது இளையவன். அம்மா எனக்கு நினைவு தெரிவதற்கு முன்பே போய்விட்டதால் எனக்குத் தலை வாரிவிட்டது, பள்ளிக்கூடத்தில் கையெழுத்துப் போட்டது எல்லாம் அக்காதான். தமிழ், ஆங்கிலம் இரண்டிலும் டைப்ரைட்டிங் ஹையர் முடித்துவிட்டு, தென்காசியில் ஒரு சின்னக் கடை பிடித்து உட்கார்ந்தார். பிறகு அதே கடைக்கு ஜெராக்ஸ் மெஷின் வந்தது, கம்ப்யூட்டர் வந்தது. வேலை மட்டும் கடைசி வரை ஒன்றுதான். பட்டா மாறவில்லை, பென்ஷன் நின்றுபோனது, தெருவிளக்கு எரியவில்லை என்று வருகிறவர்களுக்கு மனு அடித்துக் கொடுப்பது.

மனுவைக் கையில் கொடுக்கும்போது எல்லோரிடமும் ஒரே வார்த்தை சொல்வார். "குடுத்துட்டு சும்மா வந்துராதிய. ரசீது கேளுங்க. ரசீது இல்லன்னா நீங்க மனு குடுக்கல, பேப்பரக் குடுத்துட்டு வந்திருக்கிய."

அக்காவுக்கு வரன்கள் வந்தன. தம்பி படித்து முடிக்கட்டும் என்று அவர் தள்ளிப்போட்டார். நான் முடித்தபோது கேட்டு வர ஆள் இல்லை. இதை எழுத எனக்குக் கை கூசுகிறது. ஆனாலும் எழுதாமல் விட்டால் அது இன்னும் மோசம்.

அப்பா இறந்தது ஓர் ஆடி மாதத்தில். எனக்குப் பதினேழு வயது. குற்றாலம் அருவியில் முகப்பு வளைவான ஆர்ச்சைத் தாண்டித் தண்ணீர் விழுந்துகொண்டிருந்தது. அப்படி விழுந்தால் எங்கள் ஊர் ஓடையும் நிறைந்துவிடும். எங்கள் சுடுகாடு அந்த ஓடைக்கு அக்கரையில் இருக்கிறது. பாலம் கிடையாது. வெயில் காலத்தில் செத்தவர்கள் புண்ணியம் செய்தவர்கள் என்று ஊரில் கேலியாகவே பேசிக்கொள்வார்கள். பெண்கள் தெருக்கோடியோடு நின்றுவிடுவது வழக்கம். எங்கள் தெருக்கோடியில் நின்றால் ஓடை நன்றாகத் தெரியும். இடுப்பளவு தண்ணீரில் அப்பாவைத் தூக்கிப் போனவர்களில் ஒருவருக்குக் கால் வழுக்கியது. பாடை ஒருபக்கம் சரிந்து, அப்பாவின் கால்மாடு தண்ணீருக்குள் போய் வந்தது. பதறிப்போய் நான் கொள்ளிச்சட்டியை நழுவ விட்டேன்.

நனைந்த வேட்டியோடு வீட்டுக்கு ஓடி வந்தேன். அக்கா எல்லாவற்றையும் பார்த்துவிட்டு எனக்கு முன்னால் வீட்டு வாசலுக்கு வந்திருந்தார். வேறு சட்டி இல்லை. அடுக்களையில் இருந்த குழம்புச் சட்டியை எடுத்து, வாசலில் அணையாமல் கிடந்த வறட்டிக் கங்குகளைக் கரண்டியால் அள்ளிப் போட்டுக் கையில் கொடுத்தார். "மெதுவாப் போலே. அழாத, கால் தெரியாது" என்றார். அந்த ஓடையைப் பற்றி அதன் பிறகு பல வருடங்கள் எங்கள் வீட்டில் யாரும் பேசவில்லை.

படித்து முடித்து நான் உரக்கடை வைத்தேன், கல்யாணம் செய்தேன், நாலு பேருக்குத் தெரிந்தவன் ஆனேன். பேரூராட்சித் தேர்தல் வந்தபோது சுயேச்சையாக நின்றேன். எனக்குக் கிடைத்த சின்னம் சீப்பு. என் தலையைப் பார்த்தவர்களுக்கு இதில் இருக்கும் வேடிக்கையை விளக்க வேண்டியதில்லை. "கவர்ன்மென்ட்டுக்கும் கேலி பண்ணத் தெரியுது" என்று அக்கா ஒரு வாரம் சிரித்தார்.

எங்கள் வீட்டுச் சுவர் குற்றாலம் சாலையின் வளைவில், பஸ் நிறுத்தத்துக்கு நேர் எதிரே இருக்கிறது. தேர்தல் வந்தால் எல்லாக் கட்சிக்காரர்களும் அந்தச் சுவரைக் கேட்டு வருவார்கள். வீடு அக்காவின் பெயரில் இருந்ததால் நானும் அவரிடம்தான் கேட்க வேண்டியிருந்தது.

"சுவரு தாரேன். வெறும் பேரும் சின்னமும் மட்டும் எழுதக் கூடாது. என்ன செய்யப் போறன்னும் எழுதணும்."

"என்ன எழுதச் சொல்லுத?"

"சுடுகாட்டு ஓடைக்குப் பாலம். ஒரே வருசத்துல."

"அதுக்கென்ன, எழுதிட்டாப் போச்சு."

"நல்லா யோசிச்சுச் சொல்லுலே."

நான் யோசிக்கவில்லை. யோசித்தது பெயின்ட்டைப் பற்றி மட்டும்தான். சுவர் விளம்பரத்துக்கு எல்லோரும் மலிவான டிஸ்டெம்பர்தான் அடிப்பார்கள். ஒரு சாரல் காலம் தாங்காது, போன தேர்தலில் நின்றவர்களெல்லாம் ஆடி மாதத்திலேயே கரைந்து சாக்கடைக்குப் போய்விட்டார்கள். என் பெயர் ஐந்து வருடமும் குற்றாலத்துக்குப் போகிற வருகிறவர்கள் கண்ணில் பட வேண்டும் என்று எனக்கு ஆசை. பெயின்டர் கணபதியைக் கூப்பிட்டு எனாமலில் எழுதச் சொன்னேன். "அண்ணாச்சி, எனாமல்னா பொறவு அழிக்க முடியாது" என்று அவர் சொன்னார். அழிக்கவா எழுதுகிறோம் என்று கேட்டேன்.

ஜெயித்தேன். மாலை விழுந்தது. முதல் கூட்டங்களில் ஒன்றில் பாலத்தைப் பற்றிக் கேட்டேன். ஓடை வேறு துறையின் வசம் இருக்கிறது, அவர்கள் அனுமதி தர வேண்டும், எழுதிப் போடுவோம் என்றார்கள். எழுதியும் போட்டார்கள். அதோடு என் கடமை முடிந்தது என்று நான் இருந்துவிட்டேன். காதுகுத்து, கிரகப்பிரவேசம் என்று முன்வரிசை நாற்காலிகள் நிறைய இருந்தன.

அடுத்த பொங்கலுக்கு அக்கா வீட்டுக்கு வெள்ளை அடித்தார். மூன்று பக்கம் அடித்து, சாலைப் பக்கச் சுவரை மட்டும் அப்படியே விட்டுவிட்டார். வெள்ளைக்கு நடுவே நீல எழுத்தில் என் பெயர், சீப்பு, அதன் கீழே பாலம், ஒரே வருடம். பஸ்ஸுக்கு நிற்கிறவர்களுக்கு வேறு பார்க்க எதுவும் இல்லை. வருடமும் முடிந்தது. நான் அந்தப் பக்கம் போவதைக் குறைத்துக்கொண்டு பின்தெரு வழியாகக் கடைக்குப் போகத் தொடங்கினேன்.

வைகாசியில் ஒரு நாள், அக்கா தென்காசிக்குப் போன பிறகு, ஓர் ஆளைக் கூட்டிவந்து அந்த எழுத்தின் மேல் சுண்ணாம்பு அடிக்கச் சொன்னேன். இதை இன்றுதான் எல்லோருக்கும் தெரியச் சொல்கிறேன், ஊருக்கு அன்றே தெரியும் என்றாலும். சாயங்காலம் திரும்பி வந்த அக்கா சுவரைப் பார்த்தார். பிறகு எனக்குக் காப்பி போட்டுக் கொடுத்தார்.

எனாமல் மேல் சுண்ணாம்பு பிடிக்காது என்று கணபதியைக் கேட்டிருந்தால் சொல்லியிருப்பார். ஆனி பிறந்து சாரல் ஆரம்பித்தது. மூன்றே நாளில் சுண்ணாம்பு முழுக்க வழிந்து போய், எழுத்துகள் குளித்துவிட்டு வந்த மாதிரி பளிச்சென்று நின்றன. "மெம்பர் வெளிய வந்துட்டாரு" என்று பஸ் நிறுத்தத்தில் யாரோ சொன்னதும், எல்லோரும் சிரித்ததும் என் காதில் விழுந்தன.

அதே மாதம் எங்கள் வார்டின் பகுதி சபைக் கூட்டம். உறுப்பினர் தலைமையில், அந்தந்தப் பகுதி மக்கள் கேள்வி கேட்கும் கூட்டம் அது. வழக்கமாகப் பத்துப் பேர் வருவார்கள், டீயோடு முடிந்துவிடும். அன்று மண்டபம் நிறைந்திருந்தது. முன்வரிசையில் அக்கா. நான் பேசி முடித்ததும் எழுந்து நின்றார். வாழ்நாள் முழுவதும் என்னை ஏலே என்று கூப்பிட்டவர், "வார்டு உறுப்பினர் அவர்களிடம் ஒரு கேள்வி" என்று தொடங்கினார்.

"சுடுகாட்டு ஓடைப் பாலம் எப்பம் வரும்னு உறுப்பினர் அவர்கள் சொல்லணும்."

"விரைவில் நடவடிக்கை எடுக்கப்படும்" என்றேன்.

"அத நான் ஆயிரம் தடவ டைப் அடிச்சிருக்கேன். தேதி சொல்லுங்க."

"அனுமதி வரணும்க்கா..."

"இங்கன அக்கா யாரும் இல்ல. நான் இந்த வார்டு ஓட்டர். அனுமதி கேட்டு நீங்க எத்தன தடவ நேர்ல போனியன்னு சொல்லுங்க."

ஒரு தடவைகூடப் போகவில்லை. அதைத்தான் சொன்னேன். மண்டபத்தில் யாரும் சிரிக்கவில்லை, அதுதான் இன்னும் கஷ்டமாக இருந்தது. அடுத்த தைக்குள் அனுமதி வாங்கி வேலை ஆரம்பிக்கிறேன், இல்லையென்றால் உறுப்பினர் பதவியை விட்டுவிடுகிறேன் என்று சொல்லிவிட்டேன். அக்கா உட்காரவில்லை. "அத நடவடிக்கைக் குறிப்பேட்டுல எழுதுங்க" என்று எழுத்தரிடம் சொல்லி, எழுதியதை வாசிக்கக் கேட்ட பிறகுதான் உட்கார்ந்தார்.

வீட்டுக்கு வந்து, எல்லார் முன்னாலும் இப்படிப் பண்ணிவிட்டாயே என்று சத்தம் போட்டேன். அக்கா நிதானமாகத்தான் பதில் சொன்னார். "வீட்டுல நீ என் தம்பி. அங்கன நீ எங்க மெம்பர். நான் ரெண்டையும் கொழப்பிக்கிடல. நீதான் கொழப்பிக்கிட்டு இருக்க." பிறகு கடைப் பையிலிருந்து ஒரு மனுவை எடுத்து நீட்டினார். என் பெயரில், என் பதவியில், ஏற்கெனவே அடித்து வைத்திருந்தார். கையெழுத்து மட்டும்தான் பாக்கி.

திங்கட்கிழமைகளில் கலெக்டர் அலுவலகத்தில் மனு வாங்குவார்கள். உறுப்பினர் என்ற ஜம்பத்தை வீட்டில் வைத்துவிட்டு, வரிசையில் நின்று கொடுத்தேன். ரசீதோடு வந்தேன். அடுத்த வாரமும் போனேன், அதற்கடுத்த வாரமும். துறை அலுவலகத்துக்குத் திருநெல்வேலிக்கே நடையாய் நடந்தேன். போய் நின்றால் காகிதம் நகர்கிறது என்ற சின்ன விஷயம் மெம்பர் ஆகி ஒன்றரை வருடம் கழித்துத்தான் எனக்குப் புரிந்தது. தை பிறப்பதற்குப் பத்து நாள் முன்பு அனுமதி வந்தது. பூமி பூஜை அன்று நான் அழுததைப் பார்த்துவிட்டு, புகைதான் காரணம் என்று பக்கத்தில் இருந்தவர்களிடம் சொன்னேன்.

அந்தச் சமயத்தில்தான் அக்காவுக்கு நெஞ்சில் கோளாறு என்று தெரிந்தது. நாலு எட்டு வைத்தால் மூச்சு வாங்கியது. வேலையோ தூண் போட்ட பிறகு மணல், கம்பி, மழை என்று நின்று நின்று நடந்தது. எனக்குள் ஒரே பயம். அக்காவும் அப்பாவைப் போல நனைந்து போய்விடக் கூடாது. இதை நான் யாரிடமும் சொல்லவில்லை, அக்காவும் கேட்கவில்லை. ஆனால் தினமும் நான் வந்ததும், "இன்னைக்கு எதுவரைக்கும் ஆச்சு?" என்று மட்டும் கேட்பார்.

பாலம் முடிந்தது. திறப்பு விழாவுக்கு முன்னாலேயே ஒரு காலையில் என் கையைப் பிடித்துக்கொண்டு நடுப்பாலம் வரை வந்தார். கைப்பிடிச் சுவரைப் பிடித்துக் கீழே பார்த்தார். "இந்த இடத்துலதாம்லே அப்பா சரிஞ்சாங்க" என்றார். பிறகு, "இனிமே சுவர வெளுக்கலாம்" என்று திரும்பினார்.

ஆள் வைக்க விடவில்லை. நானே உப்புத்தாள் வைத்து இரண்டு நாள் தேய்த்தேன். அக்கா எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்து, "அந்த 'ல' இன்னும் தெரியுது", "சீப்புல ரெண்டு பல்லு பாக்கி" என்று மேற்பார்வை பார்த்தார். பஸ்ஸுக்கு நின்றவர்களுக்கு நல்ல பொழுதுபோக்கு. தோள்பட்டை கழன்றுபோனது. ஆனால் அந்த இரண்டு நாளைப் போல நிம்மதியாக நான் இருந்ததே இல்லை. அதன் பிறகு எந்தத் தெரு வழியாகவும் நான் கடைக்குப் போகலாம்.

அடுத்த ஆனியில் அக்கா போனார். காலையில் இட்லி சாப்பிட்டு, கடைக்கு யார் யார் வந்தார்கள் என்று விசாரித்துவிட்டு, சாய்ந்தவர் எழுந்திருக்கவில்லை. துன்பப்படவில்லை. அதுவே எங்களுக்குப் பெரிய ஆறுதல்.

அக்காவின் கடைசிக் காலத்தில் வீட்டுக்கே வந்து பார்த்த டாக்டருக்கும், அவர் கடையில் வேலை பார்த்து, இன்றும் அதை விடாமல் நடத்தித் தரும் சகோதரிகளுக்கும், பாலத்துக்கான ஃபைலை மேசையில் தூங்கவிடாத பேரூராட்சிச் செயல் அலுவலருக்கும், மழையிலும் வேலையை விட்டுப் போகாத கொத்தனார்களுக்கும், அன்று மண்டபத்தில் சிரிக்காமல் இருந்த என் வார்டு மக்களுக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது. திரும்பவும் நிற்பீர்களா என்று சிலர் கேட்கிறார்கள். நின்றால், சுவரில் என்ன எழுதுவது என்று முதலில் யோசித்துவிட்டுத்தான் நிற்பேன். பெயின்ட் எனாமல்தான்.

அக்காவைத் தோளில் சுமந்தவர்களுக்குத் தனியாக ஒரு நன்றி. அன்றும் அருவியில் ஆர்ச்சைத் தாண்டித்தான் தண்ணீர் விழுந்தது. ஓடை நிறைந்து ஓடியது. நாம் அதற்கு மேலே நடந்தோம், ஒருவர் காலும் நனையவில்லை. கொள்ளி வைக்கப் பிள்ளை இல்லாததால் சட்டியை நான்தான் எடுத்துப் போனேன். அக்கரை போய்ச் சேர்ந்ததும் முதலில் சட்டிக்குள்தான் பார்த்தேன். நெருப்பு அப்படியே இருந்தது. இந்த முறை வீட்டுக்குத் திரும்பி ஓட வேண்டியிருக்கவில்லை. ஓடியிருந்தாலும் வாசலில் அள்ளிக் கொடுக்க அக்கா இல்லை.