கால்சாவுக்குச் சுற்றுப் பாதை

எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள் நான். கவலைப்பட மட்டும் யாரும் எனக்குச் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. 2008 இல், மகனுக்குப் பேசிய பெண்ணின் தகப்பன் அமெரிக்காவிலிருந்து இத்தாலிக்கு எங்கள் இடம் பார்க்க வருகிறார் என்றதும் ஒரு கிழமை சோறு இறங்கவில்லை. இங்கே வந்து வாழப்போகிறவள் அவர் மகள். படத்தில் அவளைப் பார்த்த நாளிலிருந்து மகன் கண்ணாடியை விட்டு நகரவில்லை. தகப்பன் முகம் சுளித்தால் எல்லாம் போச்சு.

வீட்டைப் பற்றிப் பயமில்லை, பெயின்ற் அடித்தாயிற்று. பயம் தெருவைப் பற்றித்தான். இரண்டாம் உலக யுத்தத்தில் குண்டு விழுந்து அறுபது வருடத்துக்கு மேலாகியும் எங்கள் பகுதியான கால்சாவில் கூரையில்லாத மாளிகைகள் அப்படியே நின்றன. சுவருக்கு முட்டுக்கொடுத்த மரமே உளுத்துப்போயிருந்தது. எங்கள் வாசலுக்கு எதிர்வீட்டில் குடியிருந்தது ஒரு அத்திமரம்.

அன்று இவருக்கும் மகனுக்கும் லீவு கிடைக்கவில்லை. அவரைக் கூட்டிவர ஸ்தாசியோனே சென்ட்ராலே ரயில் நிலையத்துக்கு நான்தான் போனேன். அங்கிருந்து வீட்டுக்குப் பத்து நிமிட நடை. நானோ வந்தவரைப் பெரிய கடைத்தெரு வழியாக, சிங்கச் சிலை வைத்த நாடக அரங்கு வரை நடத்திப் போனேன். பணக்காரர் குடியிருக்கும் லிபெர்த்தாப் பக்கம் கையைக் காட்டி, "நான் வேலை செய்யிற சின்யோரா அம்மாவின்ர வீடு அங்கை," என்றும் சொன்னேன்.

அவர் பெட்டியைக் கீழே வைத்தார்.

"தங்கச்சி, வெளிக்கிட முன்னம் கொம்பியூட்டரிலை மாப் பாத்தனான். உங்கட வீடு கடல் பக்கம். நாங்கள் அரை மணித்தியாலமா மற்றப் பக்கம் போறம். வீட்டிலை ஆரையும் ஒளிச்சு வைச்சிருக்கிறியளோ?"

உண்மையைச் சொல்லிவிட்டேன். "இல்லை அண்ணை, எங்கட தெரு முழுக்க இடிஞ்ச வீடு. பாத்திட்டு வேண்டாம் எண்டுடுவியளோ எண்டு..."

"இடிஞ்ச வீடோ?" சிரித்தார். "நான் இருக்கிறது கார் செய்யிற ஊர். பக்டரி ஒண்டொண்டாப் பூட்டியாச்சு. எங்கட டவுன்டவுனிலை பதினெட்டு மாடிக் கட்டிடம் நிக்குது, ஒரு யன்னலிலை கண்ணாடி இல்லை. ஞாயிற்றுக்கிழமை நடந்தா என்ர சப்பாத்துச் சத்தம் எனக்கே கேக்கும். வாங்கோ, உங்கட தெருவைப் பாப்பம்."

கால்சாவுக்குள் காலை வைத்ததுதான் தாமதம், "சின்யோரா, இவர்தானா பெண்ணின் தகப்பன்?" என்று மீன்காரன் இத்தாலியனில் கத்தினான். மேல்வீட்டுக்காரியிடம் மட்டும்தான் சொல்லியிருந்தேன்! அவன் ஈரக் கையை ஏப்ரனில் துடைத்து, அவருடைய கையைப் பிடித்துக்கொண்டு, மூச்சுவிடாமல் பேசினான். போன மாரியில் அவனுடைய தாய் விழுந்தபோது என் மகன்தான் அவளை மூன்று மாடி தூக்கி இறக்கினானாம். இன்றுவரை ஞாயிறு தவறாமல் போய்ப் பார்க்கிறானாம். பலகணியிலிருந்து ஒருத்தி, அவன் எங்கள் தெருப் பிள்ளை என்று குரல் கொடுத்தாள்.

"என்னவாம்?" என்று கேட்டார்.

"மகன் நல்ல பிள்ளையாம்."

"இவ்வளவு நேரம் கையை ஆட்டி ஆட்டிக் கதைச்சது அதுக்கு மட்டுமோ? வடிவாச் சொல்லுங்கோ தங்கச்சி."

பெற்ற பிள்ளையை நானே எப்படிப் புகழ்வது? ஆனாலும் சொன்னேன், ஒன்றும் விடாமல். சொல்லச் சொல்ல முதுகு நிமிர்ந்தது. துணி காயும் கயிறுகளுக்குக் கீழே, அந்த இடிந்த சுவர்களுக்கு நடுவேதான் அவன் ஆளானான். அதையா ஒளிக்கப் பார்த்தேன்?

அவர் கைத்தொலைபேசியை எடுத்தார். அமெரிக்காவில் அப்போது விடிகாலை ஆறு மணி. இந்த நேரத்தில் மகளை எழுப்பி வேண்டாம் என்று சொல்லப்போகிறாரோ?

"பிள்ளை, எழும்பு. வீடு இன்னும் பாக்கேல்லை. தெருவைப் பாத்திட்டன், அது காணும். உன்ர மாமியார் பக்கத்திலை நிக்கிறா, கதை."

தொலைபேசியை வாங்கிக் காதில் வைத்தேன். என்ன சொன்னார், என்ன சொன்னார் என்று மீன்காரன் என் தோளைத் தட்டினான். மருமகளிடம் வாய் திறக்க முன்னம், சம்மதமாம் என்று அவனுக்குத்தான் பதில் சொன்னேன். கடற்கரை வரை கேட்டிருக்கும்.