நீலம் என்றால் பயிற்சிக்கு

முதலில் தண்ணீர் கேட்பார். வந்தவர் துணிப்பையிலிருந்து எடுத்து மேசைமேல் வைத்த பித்தளைத் தோட்டா உறையை ஏறெடுத்தும் பார்க்கமாட்டார். தண்ணீரைக் குடிப்பார். தம்ளரைக் கவிழ்த்து வைப்பார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டுவார். திருப்தியில்லாமல் மறுபடி கழற்றித் துடைப்பார். அதற்குள் வந்தவர் தவிக்கிற தவிப்பை பிரசவ அறைக்கு வெளியே நிற்கிற தகப்பன்கூடத் தவித்திருக்கமாட்டான். "அவசரப்பட்டா பித்தளையும் தங்கமாத் தெரியும்" என்று சொல்லிவிட்டுத்தான் பீரங்கியார் பொருளின் பக்கம் கையை நீட்டுவார்.

பீரங்கியார் என்பது ஊர் வைத்த பெயர். ராணுவத்துக்கும் அவருக்கும் உள்ள உறவு, கல்யாண வீட்டுக்கும் அழைப்பு வராத எதிர்வீட்டுக்காரருக்கும் உள்ள உறவு; சத்தம் மட்டும் காதில் விழும். கடைத் தராசுகளையும் எடைக்கற்களையும் சோதித்து முத்திரை குத்துகிற அலுவலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ஊருக்கு வெளியே பழைய சுடுபயிற்சி மேடு ஒன்று உண்டு. மழை பெய்தால் அங்கே மண் கரைந்து தோட்டா உறைகள் தலைகாட்டும். ராணுவம் கழித்துக்கட்டி ஏலத்தில் விடுகிற சாமான்களும் பழைய இரும்புக் கடைக்கு வந்து சேரும். கிடைத்ததை எடைக்குப் போடுவதா, பழம்பொருள் சேர்க்கிற பணக்காரர் யாரிடமாவது கொண்டுபோவதா என்று தெரியாதவர்கள் இவர் வீட்டு வாசலுக்கு வருவார்கள்.

சோதனை முறையாக நடக்கும். நூலில் கட்டிய காந்தத்தை முதலில் தொங்கவிடுவார். ஒட்டினால் அது பித்தளை முலாம் பூசிய இரும்பு. "பாத்தியா, வேஷம்" என்பார், தன் வீட்டுக்குள்ளேயே திருடனைப் பிடித்துவிட்ட குரலில். ஒட்டாவிட்டால் உறையைத் திருப்பி, அடித்தட்டில் வட்டமாகக் குத்தியிருக்கும் எழுத்துகளைப் பூதக்கண்ணாடியில் படிப்பார். எந்தத் தொழிற்சாலை, எந்த வருஷம் என்பதெல்லாம் அதில் இருக்கும். அதற்கு அவர் வைத்த பெயர் ஜாதகம். "மனுஷன் பொய் சொல்லுவான். முத்திரை சொல்லாது" என்று அப்போது ஒருமுறை சொல்லவேண்டும், சொல்லாவிட்டால் அன்றைக்குச் சாப்பாடு இறங்காது.

தீர்ப்பு நாலே வகை. தேறாத சரக்கு என்றால் "எடைக்குப் போடு." பார்க்க அழகாக இருந்தும் விலை போகாது என்றால் "பூ வைக்கலாம்." அபூர்வமாக ஏதாவது வந்துவிட்டால் முகத்தை வேண்டுமென்றே தொங்கப்போட்டுக்கொண்டு, "வெச்சுட்டுப் போ, பாக்கறேன்" என்பார். அடித்தட்டின் நடுவில் துப்பாக்கி ஊசி குத்திய பள்ளம் இல்லாமல், இன்னும் சுடப்படாத தோட்டாவாக இருந்தால் நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளி, "கையை எடு. வெளிய போய் போலீசுக்குப் போன் பண்ணு" என்று குரலை உயர்த்துவார். இந்த நாலாவது தீர்ப்பில் மட்டும் அவர் விளையாடியதில்லை. அதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

ஒருநாள் ஒரு பேருந்து ஓட்டுநர் பெரிய உறை ஒன்றைக் கொண்டுவந்தார். முகம் பார்த்துத் தலை சீவலாம், அப்படி மின்னியது.

"யாரு இதைத் தேய்ச்சது?"

"எம் பொண்டாட்டிதாங்க. அழுக்கா இருக்கேன்னு ரெண்டு நாளா பவுடர் போட்டுத் தேய்ச்சா."

பீரங்கியார் கண்ணை மூடிக்கொண்டார். தேய்த்த தேய்ப்பில் எழுத்து பாதி போயிருந்தது. நூறு வருஷக் கறுப்பு ஏறினால்தான் சேர்ப்பவர்கள் தொடுவார்கள் என்று விளக்க அவருக்கு மனம் வரவில்லை. "பூ வைக்கலாம்" என்றார். "ரெண்டு நாள் தேய்ச்ச அந்தக் கைக்கு முதல்ல ஒரு முழம் வாங்கிக் குடுங்க."

பீரங்கியாரின் மனைவிக்கு இந்த வித்தையில் பெரிய மரியாதை கிடையாது. "குழம்புல உப்பு இருக்கான்னு கேட்டா தெரியாது. குண்டுக்கு வயசு சொல்றாரு" என்று அடுக்களையிலிருந்தே அறிவிப்பார். வந்தவர்கள் சிரித்தால் பீரங்கியாரும் சிரிப்பார். ஆனால் இதுவரை தன் கணிப்பு ஒன்றுகூடத் தப்பியதில்லை என்பதை அவர் ஒரு நாளைக்கு ஒரு தடவையாவது யாரிடமாவது சொல்லிவிடுவார். தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்று சாதிப்பவர்களை நமக்குத் தெரியும். இவர் அந்த முயலுக்கு முத்திரையும் குத்திக் கொடுப்பார்.

மகள் புது வீட்டுக்குக் குடிபோனபோது ஊரில் மற்ற அப்பாக்கள் பாத்திரமோ கடிகாரமோ கொடுத்திருப்பார்கள். இவர் கொடுத்தது ஒரு பீரங்கிக் குண்டு. முழங்கை நீளம், நல்ல கனம், உடம்பெல்லாம் நீல வர்ணம். பழைய இரும்புக் கடையில் பொறுக்கியது. மாப்பிள்ளை வங்கியில் கடன் கொடுக்கிற பிரிவில் இருப்பவர்; பெற்ற தாய் வந்து கேட்டாலும் ஜாமீன் கேட்கிற பேர்வழி. அவர் அதைச் சுற்றிச் சுற்றி வந்தார்.

"மாமா, இது நிச்சயமா காலிதானா?"

"நிறத்தப் பாருங்க மாப்பிள்ளை. நீலம்னா பயிற்சிக்கு. உள்ள வெறும் மண்ணோ சிமெண்டோதான் இருக்கும். உங்க பேங்க் குடுக்கற கடனைவிட இது பத்திரம்."

மாப்பிள்ளை சிரிக்கவில்லை. மகள் சிரித்தாள். குண்டு பால்கனிக் கதவு காற்றில் அடிக்காமல் இருக்க முட்டுக்கொடுக்கிற உத்தியோகத்தை ஏற்றுக்கொண்டது.

போன மாதம் ஒரு காலை, பீரங்கியார் இரும்புக் கடைக்குப் போனார். கடையின் கேட் நீலமாக இருந்தது. தண்ணீர் டிரம் நீலம், நாற்காலி நீலம், எடைமேடைகூட நீலம்.

"என்ன, ஊரையே நீலமாக்கறதா உத்தேசமா?" என்றார்.

கடைக்காரர் பெருமையாகச் சொன்னார். "மச்சான் ஒரு டிரம் பெயிண்ட் மலிவாப் புடிச்சுக் குடுத்தாரு. வீணாப் போகுதேன்னு துருப்புடிச்சது எல்லாத்துக்கும் ஒரு கை அடிச்சுட்டேன். நீங்க மக வீட்டுக்குன்னு ஒரு குண்டு எடுத்துட்டுப் போனீங்களே, அதுக்கும் நாந்தான் அடிச்சேன். ஷோக்கா இருந்துச்சுல்ல?"

பீரங்கியார் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். "அடியில முன்னாடி என்ன நிறம் இருந்துச்சு?"

"பச்சை மாதிரி. சுத்தி ஒரு மஞ்சக் கோடு. ஏன், அந்தக் கலர் நல்லா இருந்திருக்குமா?"

பச்சையில் மஞ்சள் கோடு என்றால் உள்ளே வெடிமருந்து. இது அவருக்குத் தெரியும். கேட்டவர்களுக்கும் கேட்காதவர்களுக்கும் அவரே சொல்லிக்கொடுத்த பாடம். அப்படியே எடைமேடையில் உட்கார்ந்தார். முள் நகர்ந்து அவருடைய எடையைக் காட்டியது. கடைக்காரர் பழக்கதோஷத்தில் அதை எட்டிப் பார்த்தார்.

இந்த இடத்தில் பீரங்கியாரின் மூளை என்ன செய்தது என்பதைச் சொல்லியாகவேண்டும். சத்தமில்லாமல் போய், துண்டில் சுற்றி, மடியில் வைத்துப் பேருந்தில் கொண்டுவந்துவிடலாம் என்று திட்டம் போட்டது. மாப்பிள்ளைக்குத் தெரியவேண்டாம், அவ்வளவுதான் அதன் கவலை. தொடாதே, போலீசைக் கூப்பிடு என்பதெல்லாம் ஊருக்குத்தான் உபதேசம்.

மகளுக்குப் போன் செய்தார். "அம்மா, அந்தக் குண்டை யாரும் தொடவேணாம். நல்ல விலைக்கு ஒரு பார்ட்டி வந்திருக்கு. கீறல் விழுந்தா போச்சு. நான் வந்து எடுத்துக்கறேன்."

"இதுக்கு நீங்க எதுக்குப்பா வெயில்ல அலையணும்? நான் அந்தப் பக்கம்தான் வரேன். பையில போட்டு எடுத்துட்டு வந்துடறேன்."

"வேணாம்."

"எனக்கென்னப்பா கஷ்டம்? இருங்க, பாப்பாவ எறக்கி விட்டுட்டு எடுக்கறேன். அது மேலதான் குதிரை ஓட்டிட்டு இருக்கா."

ஒரு வயது தாண்டிய பேத்தி. அவருடைய மூக்கையும் பிடிவாதத்தையும் கொண்டு பிறந்தவள். வாழ்நாளில் அவர் அப்படிப் பயந்ததில்லை. இத்தனை நாள் கட்டிக்காத்த பேர், பெருமை, மாப்பிள்ளையின் பார்வை எல்லாம் அந்த ஒரு நொடியில் எடைக்குப் போடக்கூட லாயக்கில்லாமல் போயின.

"அது காலி இல்லம்மா" என்றார். "நான் சொன்னது தப்பு. குண்டு அசையாம குழந்தைய மட்டும் மெதுவாத் தூக்கு. கதவைத் தொடாத. எல்லாரையும் கூட்டிட்டு கீழ எறங்கு. போலீசுக்கு நான் சொல்லிடறேன்."

மறுமுனையில் குழந்தை சிணுங்குகிற சத்தம் கேட்டது. பிறகு செருப்பில்லாத கால்கள் படியிறங்குகிற சத்தம். அது முடிகிறவரை அவர் மூச்சு விட்டாரா என்று கடைக்காரருக்கே சந்தேகம்.

அவர் போய்ச் சேர்வதற்குள் வெடிகுண்டு நிபுணர்கள் வந்திருந்தார்கள். தெருமுனையில் கயிறு கட்டி, கட்டடத்தில் இருந்தவர்கள் எல்லாரையும் அந்தப் பக்கம் நிறுத்தியிருந்தார்கள். ஆபத்து என்றதும் மனிதர்கள் எதைக் காப்பாற்றுவார்கள் என்று தெரிந்துகொள்ள நல்ல வாய்ப்பு. ஒருவர் கையில் டிவி ரிமோட் இருந்தது. ஒரு அம்மாள் பாதி நறுக்கிய வெங்காயத்தோடு நின்றார். மாப்பிள்ளை வீட்டுப் பத்திரங்களை நெஞ்சோடு அணைத்திருந்தார். மகள் குழந்தையை அணைத்திருந்தாள். பீரங்கியார் வருவதைப் பார்த்தும் அவள் முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை. அதுதான் அவருக்குத் தாங்கவில்லை. கிட்டே போகத் துணிவில்லாமல் கூட்டத்தின் கடைசியில் நின்றுகொண்டார்.

எக்ஸ்ரே கருவியால் குண்டின் உள்ளே பார்த்தார்கள். மணல் நிரப்பிய பெட்டிக்குள் அதை இறக்கி, வண்டியில் ஏற்றினார்கள். அதிகாரி தலைக்கவசத்தைக் கழற்றிக்கொண்டு கயிற்றருகே வந்தார்.

"உள்ள மருந்து முழுசா இருக்கு. இதுல ஒண்ணுமில்ல, தைரியமா வீட்டுல வைங்கன்னு சொன்ன மகராசன் யாரு?"

மாப்பிள்ளை வாயைத் திறந்தார். மகள் அவர் முழங்கையைப் பிடித்து அழுத்தினாள். "வித்தவங்க சொன்னாங்க சார்" என்றாள். "யாருன்னு நினைவில்ல."

அதிகாரி தலையசைத்துவிட்டு வண்டியின் பக்கம் திரும்பினார்.

கூட்டத்தின் கடைசியில் பீரங்கியார் வலக்கையைத் தூக்கினார். முன்னால் நின்ற உயரமான ஆள் மறைத்ததில் அது யார் கண்ணிலும் படவில்லை. அவர் கையை இன்னும் நீட்டி, செருப்பைக் கழற்றிவிட்டு, முன்பாதத்தில் எக்கி நின்றார்.