பத்துக்குப் பத்து வாங்கிய ஆல்பம்

சாய்ந்தமருதில் அந்தக் காலத்தில் ஹெவி மெட்டல் கேட்ட ஆட்கள், எனக்குத் தெரிய, இரண்டே பேர். ஒன்று நான், மற்றது என் மச்சான். சொந்தத்தில் மச்சான் இல்லை, பள்ளிக்கூடத்தில் ஒரே வாங்கில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து படித்ததால் வந்த மச்சான். ஊர்க்காரருக்கு அது தகரக் கூரையில் கல் விழுகிற சத்தம். எங்களுக்கு அதில் ஆயிரம் நுணுக்கம். பாடகன் மாறிய பிறகு ஒரு குழு உருப்பட்டதா கெட்டதா என்று சண்டை பிடித்து மூன்று நாள் முகம் பார்க்காமல் இருந்திருக்கிறோம். “புது ட்ரம்ஸ்காரன் வேகமா அடிக்கான், யோசிச்சு அடிக்கானில்ல” என்பான் அவன். கல்முனைப் பசாரில் புடவைக் கடையில் துணி கிழிக்கிறவனுக்கு இருந்த தலைக்கனத்தைப் பாருங்கள்.

புது ஆல்பம் வந்தால் தனியாக யாரும் கேட்கக் கூடாது. அது எங்கள் சட்டம். சேர்ந்திருந்து, கடைசிப் பாட்டு வரைக்கும் வாய் திறக்காமல் கேட்டுவிட்டுத்தான் பத்துக்கு எத்தனை என்று தீர்ப்புச் சொல்வோம். அவன் மகா கஞ்சன். ஏழுக்கு மேல் எந்தக் குழுவுக்கும் கொடுத்ததில்லை.

கொழும்பிலிருந்து அந்தக் கசெட் எனக்கு வந்து சேர்ந்தது ஒரு சனிக்கிழமை. மறுநாள் பின்னேரம் கேட்பதாகப் பேச்சு. ஞாயிறு காலையில் நான் கடலுக்குத் தூரமான மாவடிப்பள்ளியில் என் சாச்சி வீட்டில் நின்றேன். கசெட் என் பையில் இருந்தது. அன்றைக்குத்தான் கடல் வந்தது. கரையோரம் இருந்த அவனுடைய வீடு போனது. வீட்டோடு அவனுடைய உம்மாவும் போனார்.

பள்ளிக்கூட முகாமில் அவனைக் கண்டேன். சாப்பிட்டாயா என்று கேட்டால் தலையை அசைப்பான், அவ்வளவுதான். அவனுடைய வாப்பா அழுதுகொண்டே இருந்தார். இவன் அழவுமில்லை, கதைக்கவுமில்லை. நாற்பது நாள் கழிந்தும் அப்படியே. வேறு வழி தெரியாமல் ஒரு பின்னேரம் அந்தக் கசெட்டையும் ஒரு பழைய பிளேயரையும் தூக்கிக்கொண்டு போனேன். முகாமில் கரண்ட் இல்லை. பாவித்துத் தேய்ந்த டோர்ச் பற்றரிகளைக் கழற்றிப் போட்டேன். யாராவது ஏசுவார்கள் என்ற பயத்தில் பின்சுவரோரமாக இருந்து கேட்டோம்.

கிற்றார் மெதுவாக, கனமாக வந்தது. பாடகனின் குரல் ஆழக் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது. வார்த்தை ஒன்றும் விளங்கவில்லை. அவர்கள் கத்துவது எப்போதுதான் விளங்கியது? கடைசிப் பாட்டு முடிந்ததும் அவன் வாய் திறந்தான்.

“பத்துக்குப் பத்து மச்சான். இவனுகளும் ஆரையோ பறிகுடுத்திரிக்கானுகள்.”

எனக்கு அழுகை வந்துவிட்டது. அவன் கதைத்துவிட்டானே என்ற சந்தோசம்.

இரண்டாம் தரம் போட்டபோது நாடா சிக்கி அறுந்துபோனது. கேட்டது ஒரே தரம், அதைப் பற்றிக் கதைத்ததோ நாலரை வருடம். அவன் திரும்பவும் வேலைக்குப் போனான், என்னோடு சண்டை பிடித்தான், மற்றக் குழுக்களுக்கு நாலும் ஐந்தும் போட்டான். உம்மா என்ற சொல் மட்டும் அவன் வாயில் வரவில்லை. வேறு யாரும் சொன்னாலும் எழும்பிப் போய்விடுவான். அந்த ஆல்பத்தைப் பற்றிக் கதைக்கும்போதெல்லாம் அவன் உம்மாவைப் பற்றித்தான் கதைக்கிறான் என்று நான் விளங்கிக்கொண்டேன்.

யுத்தம் முடிந்த வருடம், வேலை விசயமாகக் கொழும்புக்குப் போன இடத்தில் அதே ஆல்பத்தை சீடியில் கண்டேன். கடைக்காரர் போட்டுக் காட்டினார். அப்படியொரு வேகம்! அட்டையில் இருந்த வரிகளை வாசித்தேன். கார் ஓட்டம், குடி, கும்மாளம். அதில் ஒருவனும் யாரையும் பறிகொடுத்திருக்கவில்லை. தேய்ந்த பற்றரிதான் பிளேயரை மெதுவாகச் சுற்ற வைத்திருக்கிறது. அதற்குத்தான் நாங்கள் இரண்டு மேதைகளும் நாலரை வருடம் விளக்கம் சொல்லியிருக்கிறோம்.

முதலில் சிரிப்பு வந்தது, பிறகு பயம் வந்தது. சொன்னால் அவனிடம் மிஞ்சியிருப்பதையும் நானே பிடுங்கியதாகும். சொல்லாவிட்டால் இன்றோ நாளையோ இன்டர்நெட்டில் அவனே கேட்பான், அப்போது நான் பக்கத்தில் இருக்க மாட்டேன். சீடியை வாங்கிக்கொண்டு ஊருக்கு வந்தேன்.

அவனுடைய புது வீட்டு அறையில் வைத்துப் பற்றரி விசயத்தைச் சொன்னேன். அவன் “போடு” என்று கையால் காட்டினான். போட்டேன். அவன் முகத்தைப் பார்க்கத் துணிவில்லாமல் பிளேயரையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. இரண்டாவது பாட்டின் நடுவில் அவன் சிரிக்கிற சத்தம் கேட்டது.

“மச்சான், இந்தச் சத்தத்துக்கு உம்மா இருந்தா இந்நேரம் செருப்புப் பறந்து வந்திரிக்கும்.”

சொன்ன பிறகுதான் தான் என்ன சொன்னோம் என்பது அவனுக்கே விளங்கியது. சிரித்த வாய் கோணிக்கொண்டது. சின்னப் பிள்ளை மாதிரித் தேம்பித் தேம்பி அழுதான். நான் பாட்டை நிறுத்தக் கையை நீட்டினேன்.

“நிப்பாட்டாத,” என்றான். “உம்மா ஏசட்டும்.”