கிஃப்ட் பாக்ஸ் மாதிரி அடுக்கிய படகு

மீன் பிடிக்க வாங்கிய குட்டிப் படகை இன்று முதன்முறையாக ஆனைக்குட்டம் அணைக்குக் கொண்டுபோனோம்.

இருக்கை மெத்தை நனைந்தால் மாற்றிக்கொள்ள வேறு மெத்தைகள், இருக்கை உடைந்தால் போடப் பலகைகள் என்று எல்லாமே உபரியாக வாங்கியிருந்தேன். அவற்றைப் படகில் எங்கே வைப்பது?

"பட்டாசுக் கடைக்காரனுக்கு அடுக்கத் தெரியாதா?" என்றேன் மனைவியிடம்.

தீபாவளி கிஃப்ட் பாக்ஸ் போடுவதுபோலவே போட்டேன். அடியில் பலகைகள், மேலே மெத்தைகள், மிச்ச இடுக்குகளில் கசக்கிய காகிதம். கடைசியில் பெட்டியைக் குலுக்கிப் பார்ப்பதுபோலப் படகையும் குலுக்கினேன். சின்னச் சத்தம்கூட இல்லை. எனக்குப் பெருமை தாங்கவில்லை.

கரையில் நின்ற மனைவி கேட்டாள்: "அம்புட்டையும் அளகா அடுக்கிட்டீக. நீங்க எங்கன உக்காருவீக?"

கையிலிருந்த துடுப்பைக் கரையில் வைத்தேன்.

அவ்வளவு நேர்த்தியாக அடுக்கியதைப் பிரிக்க மனசு வரவில்லை. படகைக் கயிற்றில் கட்டிக் கரையோரமாகவே இழுத்துக்கொண்டு நடந்தேன். மெத்தைகள் சொகுசாகச் சவாரி போயின.

"மேல லேபிள் ஒட்டிருவமா?" என்றாள், கூடவே நடந்தவள்.

படகு வைத்திருக்கும் நண்பர்களே, உபரி மெத்தையையும் பலகையையும் நீங்கள் எங்கே வைக்கிறீர்கள்? அப்படியே, ஆளை எங்கே வைக்கிறீர்கள் என்றும் சொல்லிவிடுங்கள்.