விலாசம் தெரியாத வீடு

தொண்ணூறுகளின் நடுப்பகுதி. ரொறன்ரோவில் எனக்கு இரண்டாவது பனிக்காலம். ஸ்காபரோவில் வோபர்ன் பக்கம் ஒரு வீட்டுக்குக் கீழே பேஸ்மென்றில் இருந்தேன். ஒரு அறை எனக்கு. மற்ற அறையில் என் நண்பன், அவன் மனைவி, தவழுகிற வயதில் ஒரு பெண் பிள்ளை. எனக்கும் அவனுக்கும் அகதி வழக்கு முடியவில்லை. வேலை செய்யும் அனுமதியும் இல்லை. அதனால் கிடைத்த வேலைக்குப் போனோம்.

எங்களை வேலைக்கு எடுத்தவர் எங்கள் ஆள்தான், ஈழத் தமிழர். கட்டுகிற வீடுகளில் சுவர் வேலையைக் குத்தகைக்கு எடுப்பவர். எல்லோரும் அவரை அண்ணை என்போம். விடிய முன்னம் கோப்பிக் கடை வாசலில் நிற்போம். அவருடைய வான் வரும். ஏறுவோம். கண்ணாடி முழுக்கப் பனி பிடித்திருக்கும். வெளியே ஒன்றும் தெரியாது. விட்பி என்று ஊரின் பெயரை மட்டும் சொல்லியிருந்தார். இறங்கினால் பாதி கட்டிய வீடுகள், சேறு, பனி. தெருவுக்குப் பெயர்ப் பலகைகூட அப்போது நடவில்லை. இருட்டியதும் அதே வானில் திரும்புவோம்.

வேலைக்கு நாங்கள் நாலு பேர். நான், நண்பன், மன்னாரில் இருந்து வந்த வயதான ஒருவர், ஒரு பஞ்சாபிக்காரர். சுவர்ப் பலகைகளின் பொருத்துகளில் பசை பூசி, காய்ந்ததும் உரசி மட்டமாக்க வேண்டும். உரசினால் வெள்ளைத் தூள் பறக்கும். துப்பினால் எச்சிலும் வெள்ளை. மூக்குக்குக் கட்ட ஒரு துணி தந்ததில்லை.

குளிரில் பசை உறைந்துவிடும். அதற்காகக் கீழே பேஸ்மென்றில் பெரிய காஸ் ஹீட்டர் ஒன்று வைத்திருந்தார். சிலிண்டரில் எரிவது. புகை போக வழி இல்லை. நாள் முழுக்க இரைந்துகொண்டிருக்கும். ஜன்னல் பொருத்தாத இடங்களில் பிளாஸ்ரிக் அடித்திருந்தது. காற்றுக்கு அது கிழியும். சூடு வெளியே போகுது, அடையுங்கோ என்றார் அண்ணை. நாங்களும் சந்தோசமாக அடைத்தோம். வெயில் நாட்டில் இருந்து வந்த ஆட்களுக்குச் சூடு என்றால் சும்மாவா? சின்ன ஓட்டையைக்கூட விடாமல் பசை நாடா ஒட்டினோம்.

அண்ணை உள்ளே நிற்கமாட்டார். வந்து ஒரு சுற்றுப் பார்ப்பார். பிறகு வானுக்குள் போய் இருந்துவிடுவார்.

அந்தக் கிழமை எல்லோருக்கும் தலையிடி. தூள்தான் காரணம் என்று நினைத்தோம். குளிசை போட்டுக்கொண்டு நின்றோம். ஒரு நாள் காலமை நண்பன் குடித்த கோப்பி முழுக்கச் சத்தி எடுத்தான். அண்ணைக்குச் சிரிப்பு.

"என்னடா, ஊரில செல்லடிக்குள்ள நிண்டனி. ஒரு தலையிடிக்குச் சுருளுறாய்?"

"ரா முழுக்கப் பிள்ளையைத் தாலாட்டியிருப்பான், விடுங்கோ அண்ணை" என்றார் மன்னார்க்காரர். பஞ்சாபிக்காரர் சிரித்தபடி தன் நெற்றியைத் தொட்டுக் காட்டினார். அவருக்கும் தலையிடிதான்.

மத்தியானத்துக்கு முன் நண்பன் ஏணியில் இருந்து சரிந்தான். அடி பெரிதில்லை. ஆனால் கூப்பிட்டால் முழிக்கவில்லை. தூக்கி வானில் போட்டோம். நான் அவன் தலையை மடியில் வைத்துக்கொண்டேன். மற்ற இருவரையும் அண்ணை ஏற்றவில்லை. மேல்மாடி இன்றைக்கு முடிய வேண்டும் என்றார். புறப்படும்போது திரும்பிப் பார்த்துக் கத்தினார். "கதவை வடிவாச் சாத்துங்கோ, சூடு போகுது!"

போகிற வழியில் ஆஸ்பத்திரி என்று காட்டும் நீலப் பலகை வந்தது.

"அண்ணை, உதில ஒரு ஆஸ்பத்திரி."

"உது சரிவராது. எங்கட பக்கம் போவம்."

வான் நிற்கவில்லை. வேகமும் குறையவில்லை. பிறகு சொன்னார். "வீட்டில விழுந்தவன் எண்டு சொல்லுவம். வேலை எண்டு சொன்னா உங்கட கேசுக்குத்தான் கூடாது." எங்களுக்காகச் சொல்வது போலச் சொன்னார். சத்தி நாற்றத்துக்கு அவர் கண்ணாடியை இறக்கிவிட்டிருந்தார். குளிர் காற்று முகத்தில் அடித்தது. ஸ்காபரோ வர என் தலையிடி விட்டுப்போனது. ஏன் என்று அப்போது யோசிக்கவில்லை.

ஆஸ்பத்திரியில் அண்ணைதான் கதைத்தார். அவருக்கு நல்ல இங்கிலிஸ். நான் ஊரில் எட்டாம் வகுப்போடு நின்றவன். சுவரோடு நின்றேன். நண்பனுக்கு முகத்தில் குழாய் மாட்டினார்கள். இரத்தம் எடுத்தார்கள். பிறகு ஒரு டொக்டர் வேகமாக வந்தார். அவர் சொன்னதில் காஸ் என்ற சொல்லும் ஹீட்டர் என்ற சொல்லும் எனக்கு விளங்கின. வீட்டில் வேறு யார் இருக்கிறார்கள் என்று கேட்கிறார் என்பதும் விளங்கியது.

அண்ணை சொன்னார், மனைவியும் குழந்தையும் என்று. பக்கத்தில் நின்ற நேர்சின் முகம் மாறியது. அவ ரெலிபோனை எடுத்தா. அண்ணை எங்கள் பேஸ்மென்றின் விலாசத்தைச் சொல்லத் தொடங்கினார். தெரு, இலக்கம், எல்லாம் ஒழுங்காக.

அப்போதுதான் எனக்குப் பொறி தட்டியது. எங்களுக்கு நஞ்சானது தூள் இல்லை, அடைத்த வீட்டுக்குள் எரிந்த ஹீட்டரின் புகை. எங்கள் வீட்டில் காஸ் இல்லை. காஸ் இருப்பது விட்பியில். நாங்கள் ஓட்டை விடாமல் அடைத்த வீட்டில். அதற்குள் இரண்டு பேர் நிற்கிறார்கள். இந்த மனிசனும் டொக்டர் சொன்னதைக் கேட்டார். என்னைவிட நன்றாக விளங்கியது அவருக்கு. கேட்ட பிறகும் வீட்டு விலாசத்தைச் சொல்கிறார். தீயணைக்கிற வண்டி வோபர்னுக்குப் போகும். அந்த இரண்டு பேரும் கதவைச் சாத்திக்கொண்டு சாவார்கள்.

நான் போய் ரெலிபோனில் கை வைத்தேன். நேர்சின் கையில் வெள்ளைத் தூள் ஒட்டியது. எனக்குத் தெரிந்த இங்கிலிஸ் அவ்வளவுதான்.

"நோ ஹோம். ஜொப். டூ மென் தேர். நவ்."

"வாயை மூடு" என்றார் அண்ணை தமிழில். "உன்ர கேஸ் முடியேல்லை, ஞாபகம் இருக்கோ?"

நேர்ஸ் என் உடுப்பைப் பார்த்தா. அவருடைய சுத்தமான சப்பாத்தைப் பார்த்தா. பிறகு என்னிடம் கேட்டா, எங்கே என்று.

எனக்குத் தெரியாது. அதுதான் உண்மை. வாரக் கணக்கில் மாடு மாதிரி வேலை செய்த வீடு, அது எங்கே என்று எனக்குத் தெரியாது. விட்பி, விட்பி என்றேன். அவ தலையை ஆட்டினா. விட்பி என்றால் எங்கே? அந்த அறையில் அது தெரிந்த ஆள் ஒருவர்தான். அவர் தன் சப்பாத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

நான் அவருடைய ஜக்கெற்றைக் கழுத்தோடு பிடித்துச் சுவரில் சாத்தினேன். அதுவரை அவரை நீங்கள் என்றுதான் சொல்லி வந்தேன்.

"இடத்தைச் சொல்லடா."

காவலாள் ஓடிவந்து என் தோளைப் பிடித்தார். நான் விடவில்லை. நேர்ஸ் ரெலிபோனைக் காதில் வைத்தபடி அண்ணையின் வாயையே பார்த்துக்கொண்டு நின்றா. கடைசியில் அவர் இடத்தைச் சொன்னார். சொல்லி முடித்ததும் என் பெயரைச் சொல்லி, "நீ நல்லா இருக்கமாட்டாய்" என்றார்.

தீயணைக்கிற ஆட்கள் போனபோது மன்னார்க்காரர் படியில் இருந்தாராம், எழும்ப ஏலாமல். பஞ்சாபிக்காரர் மேல்மாடியில் கிடந்தார். இருவரும் தப்பினார்கள். பஞ்சாபிக்காரர் பிறகு ஒரு நாள் எங்கள் வீட்டுக்கு ஒரு பெட்டி தோடம்பழத்தோடு வந்தார். கதைக்கப் பொதுப் பாஷை இல்லை. பழத்தை வைத்துவிட்டு என் கையைப் பிடித்துத் தன் நெற்றியில் ஒற்றினார்.

நண்பனும் உயிரோடுதான் இருக்கிறான். ஆனால் அவன் பழைய ஆள் இல்லை. கடைக்குப் போவான், எதற்கு வந்தேன் என்று நிற்பான். பிள்ளையைக் கூப்பிட வாயைத் திறப்பான், பெயர் வராது. பிள்ளையே தன் பெயரைச் சொல்லிக்கொண்டு ஓடிவரும். மனைவிதான் தொழிற்சாலைக்குப் போய் வீட்டைப் பார்த்தா.

அரசாங்க ஆள் ஒருவர் வந்து விசாரித்தார். முடிவு என்ன என்று எங்களுக்கு யாரும் சொல்லவில்லை. பனி கரைய முன்னமே அதே வான் அதே கோப்பிக் கடை வாசலில் வேறு நாலு பேரை ஏற்றியது. எங்கள் சனத்தில் சிலர் எனக்குப் போன் எடுத்தார்கள். எங்கட ஆளைக் காட்டிக் கொடுத்துவிட்டாய் என்றார்கள். இரண்டு பேரைக் காஸுக்குள் விட்டுவிட்டு வந்தவன் எங்கட ஆள் என்றால், உள்ளே கிடந்தவர்கள் யாருடைய ஆட்கள் என்று கேட்டேன். போனை வைத்தார்கள்.

அதன் பிறகு நான் எந்த வேலைக்கும் விலாசம் கேட்காமல் வானில் ஏறியதில்லை. புதிதாக வருகிறவர்களையும் மறித்து, தெருவையும் இலக்கத்தையும் வாய்விட்டுச் சொல்லவைத்த பிறகுதான் ஏறவிடுவேன். சிலர் சிரிப்பார்கள், சிரிக்கட்டும். நாங்கள் எந்த இடத்தில் மூச்சுவிடுகிறோம் என்பதையே எங்களுக்குத் தெரியாமல் வைத்திருந்தார்களே, அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை, ஆறவும் வேண்டாம்.